பூட்டுப் போடாத ஆய்வுக்கூடம்

1972ஆம் ஆண்டில், நர்மதை பாயும் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வி முயற்சி தொடங்கியது. அம்மாவட்டத்தின் இன்றைய பெயர் நர்மதாபுரம். கிஷோர் பாரதி, ரசூலியாவில் இயங்கிய ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டர் ஆகிய இரு தன்னார்வ அமைப்புகள் மாநில அரசின் இசைவுடன் இதை மேற்கொண்டன. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் தில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் அங்கே வந்து, கிராமத்துப் பள்ளி ஆசிரியர்களோடு ஒன்றாக அமர்ந்து பாடங்களை உருவாக்கினர். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் அறிவியலைப் படித்து ஒப்பிக்க வேண்டியதில்லை. நால்வர் நால்வராகக் குழுச் சேர்ந்து, ஒவ்வொரு சோதனையையும் தம் கையாலேயே செய்து பார்க்க வேண்டும். இதுவே அத்திட்டத்தின் அடிப்படை விதி.

விதி எளிதாகத் தோன்றலாம். நாற்பது பேர் பயிலும் வகுப்பில் நால்வருக்கு ஒன்று என்றால் பத்துக் கருவித் தொகுப்புகள் வேண்டும். நகரத்துக் கடையில் விற்கும் பித்தளைக் கருவிகளைப் பத்துப் பத்தாக வாங்கிக் கொடுக்க அக்காலத்து அரசுப் பள்ளி எதனாலும் இயன்றிருக்காது. ஆகவே கருவிகள் மலிவாக இருந்தே தீர வேண்டும் என்ற நெருக்கடி பிறந்தது. அந்த நெருக்கடியே பின்னாளில் இந்தியா முழுவதும் பரவிய ஒரு கல்வி மரபுக்கு வித்திட்டது எனலாம்.

'பால் வைக்யானிக்' என்பது அத்திட்டத்தின் பாடநூல். 'சிறுவர் விஞ்ஞானி' என்பது இத்தொடரின் பொருள். அந்நூல் விடைகளை அச்சிட்டுத் தரவில்லை. இதைச் செய், இதைப் பார், பார்த்ததை எழுது, ஏன் அவ்வாறு நிகழ்ந்தது என்று குழுவில் பேசு என்று மட்டுமே சொல்லிச் சென்றது.

அலமாரியின் சாவி

வணிகவியல் படித்து வங்கிப் பணிக்கு வந்த என்னைப் போன்றவர்களுக்கு ஒரு பள்ளியின் ஆய்வகத்தைப் பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவது கருவியன்று; அதன் மீது வெள்ளை வண்ணத்தில் எழுதியுள்ள எண்தான். டெட் ஸ்டாக் ரிஜிஸ்டர் என்று எங்கள் கிளைகளிலும் ஒரு பதிவேடு உண்டு. மேசை, நாற்காலி, இரும்புப் பெட்டி என்று ஒவ்வொன்றுக்கும் அதில் ஓர் இடம், ஓர் எண், ஒரு விலை. ஆண்டுதோறும் சரிபார்க்க வேண்டும். குறைந்தால் விளக்கம் தர வேண்டும். பணம் புழங்கும் இடத்தில் இந்த ஒழுங்கு இல்லாமல் முடியாது. அதே ஒழுங்கு ஒரு பள்ளியின் அறிவியல் அலமாரிக்குள் நுழையும்போது விளைவு வேறாகிறது.

மாணவர்களுக்குச் சேமிப்புக் கணக்குத் தொடங்கும் முகாம்களுக்காக, பணியிட மாற்றத்தில் சென்ற ஊர்களில் பல பள்ளிகளுக்குப் போயிருக்கிறேன். மத்திய இந்தியாவில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில், தலைமையாசிரியரின் நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடிக் கதவுள்ள அலமாரி ஒன்று நின்றது. வெப்பத்தால் விரிவதைக் காட்டும் பித்தளைக் குண்டும் வளையமும், ஒரு கால்வனாமீட்டர், இரண்டு குழியாடிகள் ஆகியவை தூசி படிந்து அமர்ந்திருந்தன. பூட்டின் சாவி தலைமையாசிரியரின் சட்டைப் பையில் இருந்தது. "பிள்ளைகள் கையில் கொடுத்து உடைந்துபோனால், தணிக்கைக்கு வருபவருக்கு யார் பதில் சொல்வது?" என்று அவர் கேட்டார். அவர் மீது எனக்குக் குறை தோன்றவில்லை. அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் பூட்டித்தான் வைத்திருப்பேன். பொருள் உடைந்தால் ஆசிரியரைக் கேள்வி கேட்கும் விதி இருக்கிறது. பொருளை ஒரு குழந்தையும் தொடாமல் பத்தாண்டுகள் கழிந்தால் யாரையும் கேள்வி கேட்கும் விதி இல்லை.

மலிவான கருவியின் முதற்பயன் இங்கேதான் இருக்கிறது. அது பதிவேட்டில் ஏறுவதில்லை. ஊக்கும் ரப்பர் பேண்டும் உடைந்துபோனால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. உடைக்க உரிமை உள்ள பொருளைத்தான் குழந்தை அச்சமின்றிக் கையாளும். குறைந்த செலவுச் சோதனைகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பணம் மிச்சமாவதையே பெருமையாகச் சொல்கிறார்கள். பணத்தைவிட அந்த அச்சமின்மை பெரிய வரவு என்று எனக்குப் படுகிறது.

தீக்குச்சியும் வால்வு டியூபும்

கான்பூர் ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் படித்து, புணேயில் டெல்கோ நிறுவனத்தில் பணியாற்றிய அரவிந்த் குப்தா 1970களின் இறுதியில் விடுப்பு எடுத்துக்கொண்டு ஹோஷங்காபாதுக்குச் சென்றார். மிதிவண்டியின் வால்வில் செருகும் மெல்லிய ரப்பர்க் குழாயும் தீக்குச்சியும் அங்கே அவர் கையில் ஒரு கட்டுமானத் தொகுப்பாயின. வால்வு டியூபைச் சிறு துண்டுகளாக வெட்டி, இரு முனைகளிலும் தீக்குச்சியைச் செருகினால் ஒரு மூட்டுக் கிடைக்கிறது. அத்துண்டில் முள்ளால் துளையிட்டு மூன்றாவது குச்சியையும் சேர்க்கலாம். நான்கு குச்சிகளால் சதுரம் செய்து ஒரு மூலையை அழுத்தினால் அது சாய்ந்து சாய்சதுரமாகிறது. மூன்று குச்சிகளால் முக்கோணம் செய்து அழுத்தினால் அது அசைவதில்லை. ரயில் பாலங்களிலும் மின்கோபுரங்களிலும் இரும்புச் சட்டங்கள் ஏன் முக்கோணம் முக்கோணமாகப் பிணைக்கப்பட்டுள்ளன என்பதைப் பத்து வயதுக் குழந்தை விரல் நுனியில் உணர்ந்துகொள்கிறது. அரவிந்த் குப்தாவுக்கு 2018ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவருடைய நூல்களும் காணொளிகளும் பல இந்திய மொழிகளில் இலவசமாகவே கிடைக்கின்றன.

அவர் பரவலாக அறிமுகப்படுத்திய சோதனைகளில் மிகவும் புகழ்பெற்றது எளிய மின்மோட்டார். வேண்டியவை: பெரிய டார்ச் பேட்டரி ஒன்று, இரண்டு ஊக்குகள், ஒரு தடித்த ரப்பர் பேண்ட், ஒரு சிறு காந்தம், ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள, வார்னிஷ் பூசிய செப்புக் கம்பி. கம்பியை மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் கேட்டால் துண்டாகவே கொடுத்துவிடுவார்கள். காந்தத்துக்குப் பழைய ஸ்பீக்கர் போதும்.

கம்பியைப் பேட்டரியின் மீதே ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி உருவினால் வட்டமான சுருள் கிடைக்கும். அதன் இரு முனைகளையும் எதிரெதிர்த் திசையில் நேராக நீட்டிவிட வேண்டும். ஒரு முனையின் வார்னிஷைப் பிளேடால் முழுவதும் சுரண்ட வேண்டும். மறுமுனையில் பாதியை மட்டுமே சுரண்ட வேண்டும்: சுருளைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, கம்பியின் மேற்பக்கத்தை மட்டும் சுரண்டி, கீழ்ப்பக்கத்தை அப்படியே விட்டுவிட வேண்டும். பேட்டரியின் இரு கோடிகளிலும் ஊக்குகளை நிறுத்தி ரப்பர் பேண்டால் இறுக்கி, பேட்டரியின் வயிற்றில் காந்தத்தை ஒட்ட வைத்து, ஊக்குகளின் வளையங்களில் சுருளின் முனைகளைச் செருகி, மெல்லத் தட்டிவிட்டால் சுருள் சுழலத் தொடங்கும்.

அந்தப் பாதிச் சுரண்டலில்தான் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. மின்சாரம் பாயும்போது சுருள் தானே ஒரு காந்தமாகிறது. கீழேயுள்ள காந்தம் அதன் ஒரு முகத்தைத் தன்பால் இழுக்கிறது. சுருள் திரும்புகிறது. மின்சாரம் இடைவிடாமல் பாய்ந்தால், இழுக்கப்பட்ட முகம் காந்தத்தை நோக்கி நின்ற இடத்திலேயே சுருளும் நின்றுவிடும். தாண்டிச் சென்றாலும் திரும்ப இழுக்கப்படும். ஆனால் சரியாக அந்த நேரத்தில், சுரண்டாத வார்னிஷ் ஊக்கைத் தொடுகிறது. மின்சாரம் அறுகிறது; இழுக்கும் விசை இல்லை. பெற்ற வேகத்தாலேயே சுருள் மீதி அரைச் சுற்றைக் கடக்கிறது. மறுபடி செம்பு ஊக்கைத் தொடுகிறது. மறுபடி ஓர் உந்துதல். பெரிய மோட்டார்களில் கம்யூட்டேட்டர் என்னும் உறுப்பு செய்யும் வேலையின் ஒரு பகுதியை இங்கே ஒரு துளி வார்னிஷ் செய்துவிடுகிறது.

எனினும், இந்தச் சோதனை முதல் முறையிலேயே வெற்றி பெறுவது அரிது. அதை ஒரு குறையாக நான் கருதவில்லை. சுருள் ஒரு பக்கம் கனத்திருக்கலாம். முனைகள் நேர்கோட்டில் இல்லாமல் இருக்கலாம். வார்னிஷ் சரியாகச் சுரண்டப்படாமல் இருக்கலாம். செப்புக் கம்பியின் நிறமும் வார்னிஷின் நிறமும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால் இந்தத் தவறு கண்ணுக்குத் தெரியாது. ஊக்கு பேட்டரியை அழுத்தித் தொடாமல் இருக்கலாம். பேட்டரியே தீர்ந்திருக்கலாம். கடையில் வாங்கிய கருவி ஓடாவிட்டால் கடைக்காரரிடம் புகார் சொல்வோம். தானே செய்த கருவி ஓடாவிட்டால் குழந்தை ஒவ்வொரு காரணமாக நீக்கிப் பார்க்கிறது. ஒரு பேரேட்டில் ஐந்து ரூபாய் பொருந்தாவிட்டால் எங்கள் ஊழியர்கள் செய்வதும் இதுவே. ஓர் எச்சரிக்கையும் வேண்டும்: சுருள் சுழலாமல் நிற்கும்போது மின்சாரம் தொடர்ந்து பாய்ந்தால் கம்பியும் பேட்டரியும் சூடேறும். எனவே சிறிது நேரம் பார்த்துவிட்டுச் சுருளை எடுத்துவிட வேண்டும். வீட்டு மின்சாரத்தோடு இச்சோதனைகளை ஒருபோதும் இணைக்கக் கூடாது.

இத்தகைய கருவிகளுக்கு ஒரு வேடிக்கையான இயல்பு உண்டு. ஒவ்வொரு காலத்தின் கழிவுப் பொருளே அக்காலத்தின் கருவி. ஒரு தலைமுறைக்கு முன் புகைப்படச் சுருள் அடைத்து வந்த சிறு பிளாஸ்டிக் டப்பாக்கள் நீர் இறைக்கும் பம்புகளாயின. அந்த டப்பா இன்று எங்கும் இல்லை. உறிஞ்சு குழலின் முனையைத் தட்டையாக்கி, இருபுறமும் சாய்வாக வெட்டி ஊதினால் நாகசுரச் சீவாளி போல அதிர்ந்து ஒலிக்கும். ஊதிக்கொண்டே மறுமுனையைக் கத்தரியால் நறுக்க நறுக்கச் சுருதி ஏறிக்கொண்டே போகும். காற்றுத்தம்பத்தின் நீளம் குறைந்தால் அதிர்வெண் கூடும் என்பதை இதைவிடக் குதூகலமாகச் சொல்ல முடியாது. 2022 ஜூலை 1 முதல் பிளாஸ்டிக் உறிஞ்சு குழல்களுக்கு நாடு முழுவதும் தடை. இனிக் காகிதக் குழலைத் தேட வேண்டும். பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதிய நம்மவர்களுக்கு இதற்கு மாற்றுத் தேடுவது பெரிய காரியமன்று.

நாணயம் என்னும் எடைக்கல்

வங்கியில் பணிபுரிபவன் என்பதால் ஒரு பொருளை மட்டும் சற்றுப் பெருமையோடு பரிந்துரைக்க விரும்புகிறேன். பள்ளித் தராசுக்குரிய எடைக்கற்கள் தொலைந்துபோவது வழக்கம். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் அரசு நாணயச்சாலையில் அச்சிட்ட எடைக்கற்கள் இருக்கின்றன. 2011ஆம் ஆண்டு வரிசையில் வந்த ஒரு ரூபாய் நாணயத்தின் எடை 3.79 கிராம், இரண்டு ரூபாய் 4.85 கிராம். இருபது ரூபாய் நாணயம் 8.54 கிராம். எடை இவ்வளவு சீராக இருப்பதனால்தான், ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களை எண்ணிக்கொண்டிராமல் எடை போட்டே பெற்றுக்கொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியுள்ளது.

முப்பது சென்டிமீட்டர் மரஸ்கேல் ஒன்றை அதன் நடுவில் நூலால் கட்டித் தொங்கவிடுங்கள். ஒருபுறம் நடுவிலிருந்து 10 செ.மீ. தொலைவில் ஒரு நாணயத்தையும், மறுபுறம் 5 செ.மீ. தொலைவில் அதே வகை நாணயங்கள் இரண்டையும் நூலில் கட்டித் தொங்கவிட்டால் ஸ்கேல் நேராக நிற்கும். மூன்று நாணயங்களை எங்கே தொங்கவிட வேண்டும் என்று குழந்தையைக் கேட்டுப் பாருங்கள். நெம்புகோல் விதியைச் சூத்திரமாகச் சொல்லித் தருவதற்கு முன்பே அது கையில் வந்துவிடும்.

இங்கே ஒரு சிறு புதிர் காத்திருக்கிறது. பத்து ஒரு ரூபாய் நாணயங்களை ஒருபுறமும் வேறு பத்தை மறுபுறமும் வைத்தால் சில சமயம் தராசு சாயும். தராசைக் குறை சொல்லத் தோன்றும். ஆனால் 2019ஆம் ஆண்டு வரிசையின் ஒரு ரூபாய் 3.09 கிராம்தான். பத்து நாணயத்தில் ஏழு கிராம் வேறுபாடு வந்துவிடுகிறது. சாய்வின் காரணத்தைத் தேடும் குழந்தை நாணயத்தின் விட்டத்தையும் அச்சையும் ஆண்டையும் உற்றுப் பார்க்கத் தொடங்கும். உற்றுப் பார்க்கும் பழக்கம் உண்டாகவேண்டும் என்பதற்காகவே இரு வரிசை நாணயங்களையும் கலந்து கொடுக்கலாம்.

எளிய கருவி என்றதும் சர் சி.வி. ராமனை எல்லோரும் நினைவுகூர்வர். 1907 முதல் 1917 வரை அவர் இந்திய நிதித்துறையில் கணக்கு அதிகாரி. கல்கத்தாவில் அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வுக்கூடத்தில் உழைத்தவர். மிருதங்கத்தின் தோல் எந்தெந்த வடிவில் அதிர்கிறது என்பதை அதன் மீது மணலைத் தூவியே கண்டறிந்தார். ஒளிச்சிதறல் ஆய்வின் தொடக்கத்திலும் சூரிய ஒளி, வண்ண வடிகட்டிகள், வெறுங்கண் ஆகியவையே அவரும் கே.எஸ். கிருஷ்ணனும் பயன்படுத்தியவை. ஆனால் மலிவான கருவியே நோபல் பரிசு பெற்றுத் தந்தது என்று மேடைகளில் சொல்வது பாதி உண்மைதான். பாதரச விளக்கும் நிறமாலைமானியும் அடுத்துத் தேவைப்பட்டன. அவற்றையும் அவர் பயன்படுத்தினார். எதைத் தேடுகிறோம் என்பதில் அவருக்குத் தெளிவு இருந்தது. கருவி அதற்குப் பின்னால் வந்தது.

மெழுகுவர்த்தி சொல்லும் பொய்

மலிவான சோதனைகள் எல்லாம் நல்லவை என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு தட்டில் நீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தியை ஏற்றி, அதன் மீது கண்ணாடித் தம்ளரைக் கவிழ்க்கும் சோதனையை அறியாதவர் இருக்கமாட்டார். சுடர் அணைகிறது, தம்ளருக்குள் நீர் ஏறுகிறது. 'காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அது எரிந்து தீர்ந்ததால் அந்த இடத்தை நீர் நிரப்பியது' என்ற விளக்கத்தைத் தலைமுறை தலைமுறையாகப் படித்து வந்திருக்கிறோம். விளக்கம் அழகாக இருக்கிறது, ஆனால் பிழையானது.

ஆக்சிஜன் முழுவதும் தீரும் முன்பே சுடர் அணைந்துவிடும். எரிந்த ஆக்சிஜனுக்கு ஈடாகக் கரியமில வாயுவும் நீராவியும் உண்டாகின்றன. நீர் ஏறுவதற்கு முதன்மைக் காரணம் வெப்பம். சுடரின் சூட்டால் தம்ளருக்குள் உள்ள காற்று விரிகிறது. ஒரு பகுதி விளிம்பின் வழியே குமிழியாக வெளியேறுவதையும் சில வேளைகளில் காணலாம். சுடர் அணைந்ததும் எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குகிறது, நீராவியும் நீராகிறது; வெளிக்காற்றின் அழுத்தம் நீரை உள்ளே தள்ளுகிறது. சுடர் எரியும்போது நீர் மெல்ல ஏறாமல், அணைந்த பிறகே சரசரவென்று ஏறுவதைக் கவனித்தவர்களுக்கு ஐயம் அப்போதே வந்திருக்க வேண்டும்.

இதைச் சோதிக்கவும் செலவில்லை. அதே தம்ளருக்குள் ஒரு மெழுகுவர்த்திக்குப் பதில் மூன்றை ஏற்றிக் கவிழ்த்தால் நீர் இன்னும் உயரமாக ஏறுகிறது. தம்ளருக்குள் உள்ள ஆக்சிஜனின் அளவு மாறவில்லையே! செய்து காட்டுவது மட்டும் அறிவியல் ஆகிவிடாது. காட்டியதற்குச் சொன்ன காரணத்தையும் இன்னொரு சோதனையால் மடக்கிக் கேட்க வேண்டும். பொருட்காட்சிகளில் கைதட்டல் வாங்கும் பல சோதனைகள் இந்த இரண்டாம் படியை ஏறுவதில்லை.

செலவு எங்கே போயிற்று?

ஹோஷங்காபாத் திட்டம் இந்த இரண்டாம் படியைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டது. கோடை விடுமுறைகளில் ஆசிரியர்களுக்கு நீண்ட பயிற்சி. மாணவர் செய்யும் அதே சோதனைகளை ஆசிரியரும் செய்து பார்க்க வேண்டும். பள்ளி தொடங்கிய பின் மாதந்தோறும் கூட்டம். வகுப்பில் சிக்கிய கேள்விகளை ஆசிரியர்கள் கொண்டுவருவர். தீர்ந்துபோன, உடைந்த பொருள்களை மீண்டும் நிரப்ப ஓர் ஏற்பாடு. 'சவாலிராம்' என்ற கற்பனைப் பெயருக்குக் குழந்தைகள் கடிதம் எழுதுவார்கள். கேள்வி என்பதைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. கேள்விகளுக்கு விடை எழுதி அனுப்பப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாகத் தேர்வு முறையே மாற்றப்பட்டது: புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. மனப்பாடத்தைச் சோதிக்கும் தேர்வு இருக்கும்வரை, எந்தச் சோதனையும் வகுப்பில் ஓர் இடைவேளைக் கேளிக்கையாகவே முடியும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

1978இல் மாவட்டம் முழுவதற்கும் விரிந்த இத்திட்டத்தின் பொறுப்பை 1982இல் உருவான ஏகலவ்யா நிறுவனம் ஏற்றது. காலப்போக்கில் 15 மாவட்டங்களில் 800க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு அது பரவியது. 2002ஆம் ஆண்டு மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. மற்றப் பள்ளிகளில் உள்ள பாடமுறையே இங்கும் வந்தது. நிறுத்தியது சரியா என்ற விவாதம் இன்றளவும் கல்வியாளர்களிடையே உண்டு. முப்பது ஆண்டுகள் அரசுப் பள்ளிகளிலேயே நடந்து காட்டிய ஒன்றை 'நடைமுறைக்கு ஒவ்வாதது' என்று சொல்லிவிட முடியாது என்பதே என் எண்ணம்.

கணக்குப் பார்ப்பவன் என்ற முறையில் இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குறைந்த செலவுச் சோதனையில் குறைவது பொருளின் செலவு மட்டுமே. மேற்சொன்ன மோட்டாருக்கு நான் பொருள்கள் வாங்கியபோது ஐம்பது அறுபது ரூபாய்க்கு மேல் ஆகவில்லை. பத்துக் குழுக்களுக்கு அறுநூறு ரூபாய். மறுமுறை பேட்டரியைத் தவிர வேறெதுவும் புதிதாக வேண்டியதில்லை. ஆனால் கரும்பலகையில் பத்து நிமிடத்தில் முடியும் பாடம் இரண்டு வகுப்பு வேளைகளை விழுங்கிவிடும். ஆசிரியர் முந்தைய நாள் செய்து பார்த்திருக்க வேண்டும். ஓடாத மோட்டார்களுக்கு நடுவே பொறுமையோடு நடந்து செல்ல வேண்டும். 'எனக்கும் தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம்' என்று சொல்லும் துணிவு வேண்டும். இந்தச் செலவு எந்தப் பற்றுச்சீட்டிலும் வருவதில்லை. 'செலவே இல்லை' என்று சொல்லி இச்சோதனைகளைப் பள்ளிகளின் மேல் சுமத்துவோர், உண்மையில் அந்தச் செலவு முழுவதையும் ஆசிரியரின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

இதை உணர்ந்தவர்கள் ஆசிரியர்களையே முதலில் நாடினார்கள். இயற்பியல் மாணவர்களின் மேசைகளில் இன்றும் இருக்கும் பாடநூலின் ஆசிரியர் எச்.சி. வர்மா, கான்பூர் ஐ.ஐ.டி.யில் பணியாற்றிக்கொண்டே எளிய பொருள்களால் நூற்றுக்கணக்கான சோதனைகளை வடிவமைத்து, நாடெங்கும் இயற்பியல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1984இல் தொடங்கிய இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கத்தின் வழியே 'அன்வேஷிகா' என்ற பெயரில் சோதனை மையங்கள் பல ஊர்களில் உருவாயின. 2021இல் வர்மாவுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

மற்றொரு பக்கம் அரசின் முதலீடும் பெருகியிருக்கிறது. நீதி ஆயோக் வழியே நிறுவப்படும் அடல் டிங்கரிங் ஆய்வகம் ஒவ்வொன்றுக்கும் 20 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. முப்பரிமாண அச்சு இயந்திரமும் மின்னணுக் கருவிகளும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் எட்டுவது மகிழத்தக்கது. அத்தகைய ஆய்வகம் உள்ள பள்ளிக்கு நம் வாசகர்கள் பெற்றோராகச் செல்லும்போது, என்னென்ன கருவிகள் உள்ளன என்று கேட்பதோடு நிற்க வேண்டாம். சாவி யாரிடம் இருக்கிறது, கடந்த மாதம் என்ன உடைந்தது என்றும் கேளுங்கள். எதுவுமே உடையவில்லை என்று பெருமையோடு பதில் வந்தால் சற்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

சுவரில் ஒரு சூரியன்

வீட்டிலேயே செய்து பார்க்க ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். வேண்டியது முகம் பார்க்கும் கண்ணாடியின் சிறு துண்டு. ஒரு தடித்த தாளில் சுமார் அரை சென்டிமீட்டர் அகலத்தில் சதுரத் துளை வெட்டி, அதைக் கண்ணாடியின் மீது ஒட்டிவிடுங்கள். துளையின் வழியே தெரியும் சதுரக் கண்ணாடி மட்டுமே இப்போது ஒளியைத் திருப்பும். வெயிலில் அதை ஒரு மண் உருண்டையில் பதித்து, ஒளி சன்னல் வழியே இருட்டறைக்குள் பாயுமாறு திருப்புங்கள். கண்ணாடிக்கு மிக அருகில் ஒரு தாளைப் பிடித்தால் சதுர வெளிச்சம் தெரியும். தாளைப் பின்னுக்கு நகர்த்த நகர்த்தச் சதுரத்தின் மூலைகள் மழுங்கும். பதினைந்து இருபது மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் விழும்போது அது முழு வட்டம். துளை சதுரம், வெளிச்சம் மட்டும் ஏன் வட்டம்? அது துளையின் வடிவமன்று, சூரியனின் உருவம். குழந்தைகள் தாமாகவே இந்த விடைக்கு வந்து சேரும் வரை பெரியவர்கள் வாய் திறக்காமல் இருப்பது நலம்.

இனி அளக்கலாம். கண்ணாடியிலிருந்து சுவர் 20 மீட்டர் தொலைவில் இருந்தால் வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 19 செ.மீ. இருக்கும். விளிம்பு சற்று மங்கலாக இருப்பதால் நால்வர் அளந்தால் நான்கு அளவு வரும். நான்கையும் எழுதிச் சராசரி காண வேண்டும். தொலைவு விட்டத்தைப் போலச் சுமார் 105 முதல் 110 மடங்கு என்று கிடைக்கும். சூரியனுக்கும் இதே விகிதம்தான். அது நம்மிடமிருந்து 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அதனை 107ஆல் வகுத்தால் 14 லட்சம் கிலோமீட்டர். சூரியனின் விட்டத்தை ஓர் உடைந்த கண்ணாடித் துண்டும் தையற்காரரின் நாடாவும் அளந்துவிடுகின்றன. கண்ணாடியையோ சூரியனையோ யாரும் நேராகப் பார்க்கக் கூடாது. சுவரை மட்டுமே பார்க்க வேண்டும். இந்த ஒரு விதியில் தளர்வு கிடையாது. கண்ணாடித் துண்டின் கூரிய விளிம்புகளை உப்புத்தாளில் தேய்த்துவிட்டுக் குழந்தைகளிடம் கொடுப்பதும் பெரியவர்களின் பொறுப்பு.

2027ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் மாலையில் இந்தியாவின் பெரும்பகுதியில் பகுதிச் சூரிய கிரகணம் தெரியவிருக்கிறது. மேகம் மறைக்காவிட்டால், அன்று மேற்கே திருப்பி வைத்த அதே கண்ணாடித் துண்டு, சுவரில் ஓரம் கடிபட்ட ஒரு சூரியனை நாற்பது பேருக்கு ஒருசேரக் காட்டும்.